உங்களுக்குத் தெரியுமா? பட்டறைத் தூளும் நம் நெஞ்சும்

மரத்தூளால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சொல்லிவிட்டது. தருமபுரி, அரூர் பக்கத்து மரப்பட்டறைகளில் வேம்பையோ தேக்கையோ இழைக்கும்போது காலடியில் சுருள் சுருளாக விழும் சீவலைப் பெருக்கித் தள்ளிவிடலாம். சாண்டர் கிளப்பும் மாவுதான் பொல்லாதது. 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள் கண்ணில் படாது, நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

வீட்டு வேக்குவம் கிளீனர் இதற்குத் தாங்காது. சாண்டருக்கு, ஒல்லிக் குழாய் மாட்டிய பட்டறை வேக்குவம் போதும். பிளேனர் கக்கும் சீவல் அதே குழாயில் அடைத்துக்கொள்ளும். அதற்கு 4 அங்குலக் குழாய் வேண்டும். நடுவே ஒரு சைக்ளோன் வாளி வைத்தால் பெரும்பாலான தூள் அதிலேயே விழுந்துவிடும், ஃபில்டர் பிழைக்கும். ஃபில்டரில் 'ஹெப்பா' கேட்டு வாங்குங்கள், 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும்.

வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதாதீர்கள்.