‘அம்மாகிட்ட சொல்லாதே’ன்னா உடனே சொல்!

ஒண்ணாவது படிக்கும் என் மகளைக் குளிப்பாட்டும்போதே, "ஜட்டி மூடுற இடத்தை யாரும் தொடக் கூடாது. யாராவது ‘அம்மாகிட்ட சொல்லாதே’ன்னு சொன்னா, அதை முதல்ல என்கிட்டதான் சொல்லணும்" என்று அடிக்கடி சொல்லி வைப்பேன்.

போன மாதம் விளையாடிவிட்டு வந்தவள், "மாடி வீட்டு அங்கிள் சாக்லேட் குடுத்து மடியில உட்காரச் சொன்னாரு. அம்மாகிட்ட சொல்லாதேன்னாரு. ஓடி வந்துட்டேன்" என்றாள். எனக்குக் கை, கால் உதறியது. "அங்கே ஏன் போனே?" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக் கொண்டு, "சொன்னியே, நல்ல பொண்ணு" என்று அணைத்துக் கொண்டேன். அன்றே 1098க்கு போன் செய்து விவரம் சொன்னோம்.

தோழியரே, அன்று திட்டியிருந்தால், அடுத்த முறை வாய் திறப்பாளா? பெண் குழந்தைக்கு மட்டுமல்ல, ஆண் குழந்தைக்கும் சொல்லிக் கொடுங்கள். வந்து சொன்னால், முதலில் நம்புங்கள்!

- ஒரு வாசகி, மதுரை.