பதிவேட்டில் விடுபட்ட பதக்கங்கள்

அரச சேவையில் இருந்து இளைப்பாறும் எவரும் தமது சுயவிபரக் கோவையின் அருமையை இளைப்பாறிய பின்னரே உணர்ந்துகொள்கின்றனர். சேவையில் உள்ள காலத்தில் அக்கோவை எங்கே இருக்கின்றது, அதில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பது குறித்து யாரும் அலட்டிக்கொள்வதில்லை. இடமாற்றக் கடிதம் ஒன்று கோவையில் இல்லை என்று ஓய்வூதியக் கருமபீடத்தில் கூறப்படும்போதுதான், முப்பது வருட உழைப்பு ஒரு தாளில் தங்கியிருப்பது தெரிய வருகின்றது. எமது ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் நன்கறிந்த இந்த அனுபவம், ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கும் புதியதல்ல. அதிலும் ஒதுக்குப் படையில் சேவையாற்றி இளைப்பாறியவர்களே இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர்.

அமெரிக்காவின் ஒதுக்குப் படைவீரர் என்பவர் எமது நாட்டின் தொண்டர் படையினரைப் போன்றவர். சாதாரண காலத்தில் அவர் ஆசிரியராகவோ, வாகனத் திருத்துநராகவோ, தாதியாகவோ தொழில் புரிவார். மாதத்தில் ஒரு வார இறுதியிலும் வருடத்தில் சுமார் இரண்டு வாரங்களிலும் சீருடை அணிந்து பயிற்சி பெறுவார். யுத்தம் ஏற்படுமிடத்து அவர் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்படுவார். அவரது சேவை புள்ளிகளாகக் கணக்கிடப்படுகின்றது. வருடமொன்றில் குறைந்தது 50 புள்ளிகளைப் பெற்றால் மட்டுமே அவ்வருடம் ஓய்வூதியத்துக்குரிய வருடமாகக் கொள்ளப்படும். அத்தகைய 20 வருடங்களைப் பூர்த்தி செய்தவர் பொதுவாக 60 வயதில் ஓய்வூதியம் பெறத் தொடங்குவார். 2008 ஆம் ஆண்டின் சட்டமொன்று, அதன் பின்னர் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்ட காலத்துக்கேற்ப இவ்வயதெல்லையைக் குறைத்துள்ளது.

இவ்வாறு விட்டுவிட்டுச் செய்யப்படும் சேவைக்குப் பதிவேடு ஒன்றல்ல, பல. முழுநேரச் சேவையில் இருந்து விடுவிக்கப்படும்போது வழங்கப்படும் டீ.டீ. 214 என்னும் படிவமே அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் வாழ்நாள் சாட்சிப் பத்திரம் எனலாம். அதன் 13 ஆவது கூட்டிலேயே பதக்கங்களும் விருதுகளும் குறிக்கப்படுகின்றன. நிரந்தரப் படையில் ஒரே தடவையில் சேவையை முடித்துக்கொள்பவருக்குப் பெரும்பாலும் ஒரு 214 படிவமே இருக்கும். ஒதுக்குப் படைவீரருக்கோ நிலைமை வேறு. பொதுவாக 90 நாட்கள் அல்லது அதற்கு மேற்பட்ட தொடர்ச்சியான முழுநேரச் சேவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம் வழங்கப்படும். வார இறுதிப் பயிற்சிகளுக்குப் படிவமே இருக்கவில்லை. தேசியக் காவல் படையினருக்கு என்.ஜீ.பீ. 22 என்னும் வேறொரு படிவம் உண்டு. முப்பது வருடம் சேவையாற்றிய ஒருவர் நான்கைந்து தாள்களை வைத்துக்கொண்டு, எந்தத் தாளில் எது விடுபட்டது என்று தேட வேண்டியவராகின்றார்.

விடுபடுவதற்கான காரணங்கள் பல. எழுதுவினைஞரின் கவனக்குறைவு அவற்றில் ஒன்றே தவிர, முழுக்காரணமும் அதுவல்ல. பதக்கமே பின்னர் தோற்றுவிக்கப்படும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. ஆப்கானிஸ்தான், ஈராக் யுத்தங்களுக்கான தனித்தனிப் பதக்கங்கள் 2004 நவம்பரிலேயே ஜனாதிபதியின் ஆணை மூலம் உருவாக்கப்பட்டன. ஈராக்குக்கு 2003 இல் அழைக்கப்பட்டு, 2004 நடுப்பகுதியில் வீடு திரும்பிய ஒதுக்குப் படைவீரரின் 214 படிவத்தில் அப்பதக்கம் இருக்க முடியாது. படிவம் தயாரிக்கப்பட்ட நாளில் அப்படி ஒரு பதக்கம் உலகில் இருக்கவில்லை. கொரியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கத்தின் கதை இதனிலும் விசித்திரமானது. 2002 இல் கொங்கிரஸ் சபை அங்கீகரித்த இப்பதக்கத்துக்கு, 1954 ஜூலை 28 ஆம் திகதி முதல் கொரியாவில் பணியாற்றியவர்கள் அனைவரும் உரித்துடையவர்கள் என அறிவிக்கப்பட்டது. இருபது வயதில் அங்கு காவல் நின்றவர்கள் எழுபது வயதில் பதக்கத்துக்கு உரித்துடையவர்களானார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இச்செய்தி எட்டியிருக்கும்?

ஈராக்கில் அமெரிக்கா நடத்திய யுத்தம் நியாயமானதா என்பது இங்கு நாம் ஆராயும் விடயமல்ல. அவ்வாறு ஆராய்வதற்கு வேறு இடமும் வேறு சொற்களும் தேவை. ஓர் அரசு தனது கட்டளையை ஏற்றுச் சென்றவனின் சேவையைச் சரியாக எழுதி வைத்திருக்கின்றதா என்பதே இங்குள்ள வினா.

வேறொரு காரணம், ஒதுக்குப் படைவீரர்கள் யுத்த காலத்தில் தமது சொந்தப் பிரிவை விட்டு ஆட்பற்றாக்குறையுள்ள வேறொரு பிரிவுடன் இணைத்து அனுப்பப்படுவதாகும். களத்தில் அப்பிரிவுக்குக் கிடைக்கும் கூட்டு விருது, பெரும்பாலும் எல்லோரும் கலைந்து சென்ற பின்னரே அங்கீகரிக்கப்படுகின்றது. விருதுக் கட்டளை புதிய பிரிவின் கோவைக்குச் செல்லும். படைவீரரோ பழைய பிரிவுக்குத் திரும்பியிருப்பார். 10 வருடச் சேவைக்காக வழங்கப்படும் ஆயுதப்படை ஒதுக்குப் பிரிவுப் பதக்கமும் இவ்வாறே நழுவிப் போவதுண்டு. ஜனாதிபதி ட்ரூமன் 1950 இல் ஏற்படுத்திய இப்பதக்கத்தின் பட்டியில் 10, 20, 30 வருடங்களுக்கு முறையே வெண்கல, வெள்ளி, பொன் மணற்கடிகாரங்கள் பொருத்தப்படும். பத்தாவது வருடம் இரண்டு முழுநேரச் சேவைகளுக்கு இடையில் பூர்த்தியாகுமாயின், அது முன்னைய படிவத்தில் இடம்பெற முடியாது. பின்னைய படிவத்தைத் தயாரிப்பவர் பழைய கட்டளையைக் கண்டிராவிடில் அதிலும் இடம்பெறாது.

ஒரு பதக்கம் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். மார்பில் அணியும் உலோகத் துண்டின் பெறுமதி சொற்பமே. ஆனால் பதிவேட்டில் உள்ள அந்த ஒரு வரி பல கதவுகளைத் திறக்கின்றது. காயமடைந்தவர்களுக்கான ஊதா இதயப் பதக்கம் பதிவாகியிருப்பின், முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அவருக்கு உயர்ந்த முன்னுரிமை கிடைக்கும். யுத்தத்தின் பின் மனவடுவால் துன்புறும் ஒருவர் இழப்பீடு கோரும்போது, தாம் மோதலில் ஈடுபட்டதை நிரூபிக்க வேண்டும். காலாட்படை மோதல் சின்னம் பதிவேட்டில் இருந்தால் அதுவே சான்றாக ஏற்றுக்கொள்ளப்படும். இல்லையேல் முப்பது வருடத்துக்கு முன் ஓர் இரவில் நடந்ததைச் சாட்சிகளுடன் மெய்ப்பிக்கும் பாரம் நோயாளியின் தலையில் விழும். இதற்கு மேலாக, பெறாத பதக்கத்தைப் பெற்றதாகக் கூறி இலாபமடைவது 2013 ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும். உண்மையாகவே சம்பாதித்த விருதைப் பற்றிக் கூறினாலும், தாளில் இல்லாதவனைப் பொய்யன் என்று ஊரார் சந்தேகிக்கும் சூழல் அங்கு உள்ளது.

இனி, திருத்தும் வழியைக் கவனிப்போம். முதலில் விண்ணப்பதாரி தமது முழுக் கோவையின் பிரதியைப் பெறவேண்டும். இதற்கு எஸ்.எப். 180 என்னும் படிவம் உண்டு. முன்னாள் படைவீரர்களின் பழைய கோவைகள் மிசூரி மாநிலத்தின் சென். லூயிஸ் நகரிலுள்ள தேசிய ஆளணிப் பதிவேடுகள் நிலையத்தில் உள்ளன. பெரும்பாலான வேளைகளில் விடை அக்கோவையிலேயே கிடைத்துவிடுகின்றது. விருது வழங்கிய கட்டளை கோவையில் இருந்து, 214 படிவத்தில் மட்டும் அது விடுபட்டிருப்பின், விடயம் எளிது. உரிய ஆளணி அலுவலகம் டீ.டீ. 215 என்னும் திருத்தப் படிவத்தை வழங்கும். இராணுவத்தைப் பொறுத்தவரை கென்டக்கியிலுள்ள போர்ட் நொக்ஸ் தளத்தில் இதற்கான மனிதவளக் கட்டளையகம் இயங்குகின்றது.

கோவையே இல்லாதவர்கள் என்ன செய்வது? 1973 ஜூலை 12 ஆம் திகதி நள்ளிரவின் பின் அந்நிலையத்தின் பழைய கட்டிடத்தில் தீ மூண்டது. ஆறாவது மாடியில் தீயணைக்கும் நீர்த்தூவிகள் இருக்கவில்லை. தீயை முற்றாக அணைக்க நான்கு நாட்களுக்கு மேல் சென்றது. 160 முதல் 180 இலட்சம் வரையிலான கோவைகள் சாம்பலாயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை விடுவிக்கப்பட்ட இராணுவத்தினரின் பதிவேடுகளில் 80 வீதமானவை அழிந்தன. அவற்றுக்கு மறுபிரதிகள் இல்லை. நுண்படச் சுருள்கள் இல்லை. எவை அங்கிருந்தன என்ற அட்டவணை கூட இல்லை. தீயில் தப்பியவற்றை நீர் நனைத்தது. விண்வெளிப் பயணங்களுக்கான சோதனைகளுக்கென அமைக்கப்பட்டிருந்த வெற்றிட அறையொன்றில் அவற்றை உலர்த்தி, ஓரம் கருகிய சுமார் 65 இலட்சம் கோவைகளைப் பின்னர் மீட்டெடுத்தனர்.

எஞ்சியவர்களுக்காகச் சம்பளச் சிட்டைகளையும், படைப்பிரிவுகளின் காலை வரவு அறிக்கைகளையும் கொண்டு கோவைகள் மீளக் கட்டியெழுப்பப்படுகின்றன. சம்பளச் சிட்டை ஒருவர் சேவையில் இருந்ததைச் சொல்லும். அவர் எந்தக் குன்றில் காயமடைந்தார் என்பதைச் சொல்லாது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டவர்களுக்கும், 1990 இல் வடக்கில் இருந்து கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும், 2004 ஆழிப்பேரலையில் பிறப்புச் சான்றிதழ் முதல் காணி உறுதி வரை பறிகொடுத்த கிழக்குக் கரையோர மக்களுக்கும் இதனை நாம் விளக்கத் தேவையில்லை. தாள் இல்லாதவன் தன்னைத் தானே நிரூபிக்க வேண்டியிருப்பது எத்தகையது என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஆளணி அலுவலகத்தில் தீர்வு கிட்டாதவர் இறுதியாக நாடக்கூடிய நிர்வாகக் கதவு பதிவேடுகள் திருத்தச் சபையாகும். இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சபைகள் உள்ளன. 1946 வரை இத்தகைய திருத்தங்களுக்காகப் படைவீரர்கள் கொங்கிரஸ் உறுப்பினரைப் பிடித்துத் தமது பெயரில் தனிநபர் சட்டமூலம் ஒன்றை நிறைவேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தகைய சட்டமூலங்கள் மலிந்து சபையின் நேரத்தை விழுங்கியதால், அவ்வருடச் சட்டமொன்று இப்பணியைப் படைத்துறைச் செயலாளர்களிடம் ஒப்படைத்தது. சிவிலியன் உத்தியோகத்தர்களைக் கொண்ட இச்சபைகள் தவறையோ அநீதியையோ நீக்குவதற்காக எந்தப் பதிவையும் திருத்தலாம். ‘தவறு’ என்பதோடு ‘அநீதி’ என்ற சொல்லையும் சட்டம் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்திருந்தாலும், விளைவு அநீதியாயின் திருத்துவதற்கு அது இடமளிக்கின்றது.

விண்ணப்பம் டீ.டீ. 149 படிவத்தில் இலவசமாகச் செய்யப்படும். சட்டத்தரணி கட்டாயமல்ல. தவறைக் கண்டறிந்து மூன்று வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எனினும் நீதியின் நலன் கருதிச் சபை இதனைத் தளர்த்தலாம். முதியவர்களின் விண்ணப்பங்களில் இவ்வாறு தளர்த்தப்படுவதுண்டு. காலமானவரின் சார்பில் உரித்தாளர் விண்ணப்பிக்கலாம். நேரடி விசாரணை அபூர்வம்; முடிவுகள் பெரும்பாலும் தாள்களைக் கொண்டே எடுக்கப்படுகின்றன. ஆகவே உடன் சேவையாற்றியவர்களின் சத்தியக்கடதாசிகள், அக்காலத்துக் கடிதங்கள், திகதியுள்ள புகைப்படங்கள், மருத்துவக் குறிப்புகள் ஆகியனவே அங்கு பேசும்.

இச்சபைகளின் அணுகுமுறையில் எமக்கு ஓர் உறுத்தல் உண்டு. அரச பதிவேடுகள் முறைப்படி பேணப்பட்டவை என்ற அனுமானத்தில் இருந்தே அவை விசாரணையைத் தொடங்குகின்றன. மறுப்பை நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரிக்குரியது. சாதாரணமாக இது நியாயமான கோட்பாடே; இல்லையேல் யாரும் எதையும் கோரலாம். ஆனால் பதிவேட்டைத் தொலைத்தது அரசாங்கமாக இருக்கும்போது, போதிய சான்று இல்லை என்று அதே அரசாங்கம் கூறுவது எப்படி நியாயமாகும்?

வீரச் செயலுக்கான விருதுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. யுத்தப் பதக்கம் சேவையின் அடிப்படையில் தானாகவே உரித்தாவது. வீர விருதோ மேலதிகாரி ஒருவர் பரிந்துரைத்து, மற்றொருவர் அங்கீகரிப்பதனால் மட்டுமே கிடைப்பது. பரிந்துரை தொலைந்தால் அங்கு திருத்துவதற்கே எதுவும் இல்லை. இத்தகையோருக்காகக் கொங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் மூலம் காலங்கடந்த பரிந்துரையைச் சமர்ப்பிக்க 1996 முதல் சட்டம் வழி செய்துள்ளது. கறுப்பின அதிகாரியான பரிஸ் டேவிஸ் 1965 ஜூனில் வியட்நாமின் பொங் சோன் பகுதியில் காயங்களுடன் தமது தோழர்களை மீட்டார். அவரை அதியுயர் விருதுக்குப் பரிந்துரைத்த ஆவணம் காணாமற் போயிற்று, மீண்டும் அனுப்பப்பட்டது, மீண்டும் காணாமற் போயிற்று. 2023 மார்ச்சில், தமது 83 ஆவது வயதில், ஜனாதிபதி பைடனின் கையால் அவர் அதனைப் பெற்றார். இரண்டாம் உலக மகா யுத்தத்தில் ஒரு கறுப்பின வீரருக்கும் இவ்விருது அக்காலத்தில் வழங்கப்படவில்லை. 1997 இல் எழுவருக்கு வழங்கப்பட்டபோது அவர்களில் ஒருவரே உயிருடன் இருந்தார். ஆசிய வம்சாவளியினர் 22 பேருக்கு 2000 ஆம் ஆண்டில் விருதுகள் உயர்த்தப்பட்டன. இத்தாலியில் தமது வலக்கரத்தை இழந்த செனட்டர் டானியல் இனூயே அவர்களுள் ஒருவர். காகிதம் தொலைவதிலும் நிறபேதம் இருக்கின்றது என்பதை எம்மைப் போன்ற சிறுபான்மையினர் நம்ப மறுப்பார்களா?

சபை சாதகமாகத் தீர்மானித்த பின்னரும் ஒரு சிறு கருமம் எஞ்சியுள்ளது. பொதுவாகப் பழைய 214 படிவம் மாற்றி எழுதப்படுவதில்லை. அது பழையபடியே இருக்க, திருத்தங்களை மட்டும் தாங்கிய 215 படிவம் தனியாகத் தபாலில் வந்து சேரும். பலர் தமது 214 படிவத்தை ஊரின் மாவட்டப் பதிவகத்தில் பல வருடங்களுக்கு முன்னரே பதிந்து வைத்திருப்பர். 215 படிவத்தையும் அங்கு கொண்டு சென்று பதியாவிடில், அவர் மறைந்த நாளில் கல்லறைக் கல்லுக்கு விண்ணப்பிக்கப் பிரதி பெறச் செல்லும் பிள்ளைகளின் கையில் பழைய தாளே கொடுக்கப்படும். வீர விருதையோ ஊதா இதயத்தையோ கல்லில் பொறிப்பதற்கு ஆவணச் சான்று கேட்கப்படும் என்பதால், அலமாரியில் தனியே கிடக்கும் 215 படிவத்தைப் பிள்ளைகள் அறிந்திருப்பது அவசியம்.