ஆக்சிஜன் உணரியை எங்கே பொருத்துவது?

புகைக்குழாயில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனின் அளவைக் கொண்டு, கார் இயந்திரத்துக்குள் பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்தனவா என்று கூறும் கருவியே ஆக்சிஜன் உணரி. போஷ் நிறுவனம் உருவாக்கிய இவ்வுணரி 1976-இல் வால்வோ கார்களில் இடம்பெற்றது. இன்றைய கார்களில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. ஆனால், 1985-இல் அறிமுகமான புரோட்டோன் சாகா போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் நாமே இடம் தேட வேண்டும். இயந்திரவியல் மாணவன் என்பதால் நண்பர்கள் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பதுண்டு.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. உணரிக்குப் பெட்ரோல் தெரியாது. தன்னை வந்தடையும் ஆக்சிஜன் மட்டுமே தெரியும். இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது.

முதலாவது, நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றுசேர்ந்த பிறகே உணரி இருக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே அளவான கலவை போய்ச் சேர்வதில்லை. ஒரு கிளைக் குழாயில் பொருத்தினால் அந்த ஒரு சிலிண்டரின் கதைதான் கிடைக்கும்.

இரண்டாவது, தூரம். மிக அருகில் வைத்தால் உணரி அளவுக்கு மீறிச் சூடேறும். வால்பகுதியில் வைத்தாலோ, இயந்திரம் மெதுவாக ஓடும்போது வெளிக்காற்று குழாய்க்குள் திரும்பிவந்து கணக்கைக் கெடுக்கும். எனவே, இயந்திரத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி, முதல் சைலன்சருக்கு முன்னதாக வைப்பது நல்லது. வினையூக்கி மாற்றி இருந்தால் அதற்கும் முன்பாகவும், டர்போ இருந்தால் அதற்குப் பின்பாகவும் வைக்க வேண்டும்.

மூன்றாவது, கோணம். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. இயந்திரம் சூடேறும் முன் அது குழாய்க்குள் நீராகப் படியும். சூடான உணரியின் பீங்கான் பகுதியில் ஒரு துளி நீர் பட்டாலும் அது வெடித்துவிடக்கூடும். குழாயின் குறுக்குவெட்டைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். 10 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட மேற்பகுதியே ஏற்றது; அடிப்பகுதி கூடவே கூடாது.

இடத்தை முடிவு செய்ததும் குழாயைக் கழற்றி, 18 மில்லிமீட்டர் மரையுள்ள நட்டை அதில் பற்றவைக்க வேண்டும். குழாய் ஆறிய பின்னரே உணரியைத் திருக வேண்டும். சூடேற்றி உள்ள உணரியாக இருந்தால், மின் இணைப்புக் கொடுக்காமல் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். குளிர்ந்த உணரியில் கரி படிந்து அது விரைவில் கெட்டுவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும், உணரிக்கு முன்னுள்ள இணைப்பு ஒன்றில் கசிவு இருந்தால் எல்லாம் வீண். அக்கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அளவுமானி காட்டும். அதை நம்பி நாம் பெட்ரோலைக் கூட்டுவோம். பெட்ரோல் வீணாவதோடு, ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயும் கழுவப்பட்டுத் தேய்மானம் கூடும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது அதை முடுக்கி, வால்குழாயைத் தடித்த துணியால் சில நொடிகள் அடைத்துப் பாருங்கள். இணைப்புகளில் 'உஸ்' என்ற ஓசை கேட்டால், முதலில் கேஸ்கெட்டை மாற்றுங்கள். அதன் பிறகு கார்புரேட்டரில் கை வைக்கலாம்.