நரம்பு பாதிக்கப்பட்டவரோடு ஊர் திரும்பும்போது: வீட்டில் தொடர வேண்டிய இயன்மருத்துவம்

முகாமில் இருந்தபோது கிளினிக் நடந்து போகும் தூரத்தில் இருந்திருக்கும். சொந்தக் காணிக்குத் திரும்பிய பின் கிட்டிய ஆஸ்பத்திரிக்கே பஸ் பிடித்துப் போக வேண்டியிருக்கலாம். செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் சோர்ந்துபோனவர், கை அல்லது கால் நரம்பு அறுபட்டவர் என யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இனி நாளாந்தப் பயிற்சியில் பெரும்பகுதி உங்கள் கையில்தான். பிசியோதெரபி என்று நீங்கள் கேள்விப்பட்ட இயன்மருத்துவத்துக்குப் பெரிய இயந்திரங்கள் கட்டாயமில்லை. பாய், கட்டில், தலையணை, ஒரு உறுதியான கதிரை, பொறுமையுள்ள ஒருவர் இருந்தால் அதில் அநேகமானவற்றைச் செய்யலாம். எதை ஏன் செய்கிறோம் என்று விளங்கியிருப்பதுதான் முக்கியம்.

எங்கே காயம், எவ்வளவு எதிர்பார்க்கலாம்

மூளையும் முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாணும் ஒரு வகை. அவற்றிலிருந்து பிரிந்து கை கால்களுக்குப் போகும் நரம்புகள் இன்னொரு வகை. கை கால் நரம்பு நசுங்கியிருந்தால் அது மெதுவாக மீண்டும் வளரும். அதன் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். முழங்கையடியில் காயப்பட்ட நரம்பு 30 சென்ரிமீற்றர் வளர்ந்து உள்ளங்கையை எட்ட வேண்டுமானால் 300 நாள், அதாவது பத்து மாதம் பிடிக்கும். மூன்றாம் மாதத்தில் விரல் அசையவில்லை என்று பயிற்சியைக் கைவிடுபவர்கள் பலர். நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிப்போயிருந்தால் அது வந்தும் பயனில்லை. முற்றாக அறுபட்ட நரம்பு தானாகப் பொருந்தாது. அதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும். காலம் கடந்தால் சத்திரசிகிச்சையும் பலன் தராது. ஆகவே வைத்தியரிடம் காட்டப் பிந்த வேண்டாம்.

முண்ணாண் அப்படி வளர்வதில்லை. முற்றாகச் சேதமடைந்திருந்தால் நடை திரும்பும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பிக் காணியை ஈடு வைக்காதீர்கள். ஓரளவு மட்டும் சேதமென்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதுண்டு. எதுவானாலும் கைகளைப் பலப்படுத்தினால், அவர் தானே கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறவும் குளிக்கவும் ஒரு சிறு கடை நடத்தவும் முடியும்.

பாரிசவாதத்தில் மூளையின் ஒரு பகுதி இறந்துபோனாலும் மீதிப் பகுதிகள் அதன் வேலையைப் பழகிக்கொள்ளும். முதல் மூன்று தொடக்கம் ஆறு மாதங்களில் முன்னேற்றம் அதிகம். அதன் பின்னும் அது நின்றுவிடுவதில்லை. மூளை பழகுவது திரும்பத் திரும்பச் செய்வதால்தான். சும்மா கையை உயர்த்தி இறக்குவதைவிட, பயன்படும் ஒரு வேலையைச் செய்வது நல்லது. முருங்கை இலை உருவட்டும், பயறு பொறுக்கட்டும், கோப்பையைப் பிடித்துத் தேநீர் குடிக்கட்டும். கதிரையிலிருந்து எழுந்து நின்று மீண்டும் இருப்பது எல்லாவற்றிலும் பெறுமதியான பயிற்சி. ஒரு தடவைக்குப் பத்து முறை, ஒரு நாளில் பல தடவை செய்விக்கலாம். நீங்கள் சோர்ந்த பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடியுங்கள்.

சோர்ந்த கையைப் பிடித்து ஒருபோதும் தூக்கவோ இழுக்கவோ கூடாது. தோள்மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு நழுவி, அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். பார்க்க வரும் உறவுகள் பாசத்தில் கையைப் பிடித்து எழுப்பப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். உணவு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்துங்கள். படுத்தபடி பருக்கினால் சுவாசப்பைக்குள் போய்விடும்.

படுக்கைப் புண்

முள்ளந்தண்டு காயப்பட்டவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் பழைய காயம் அல்ல, அதன் பின் வரும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். நமக்கு ஒரே பக்கம் இருந்தால் நோகும், உடனே அசைவோம். அவருக்கு நோகாது. எலும்புக்கும் பாய்க்கும் இடையில் நசுங்கும் தோலுக்கு இரத்தம் போகாமல் அது செத்துவிடும். இதற்குச் சில மணி நேரம் போதும். ஆறுவதற்கோ மாதங்கள் பிடிக்கும்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும், பக்கம் மாற்றுங்கள். முழங்கால்களுக்கு இடையில் தலையணை வையுங்கள். குதிக்கால் எதிலும் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த சேலையை வைக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறையாவது முன்னால் நன்றாகக் குனிந்து, அல்லது ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். காற்றடித்த ரியூப் வளையத்தின் மேல் இருத்துவது சரியல்ல, அது சுற்றிவர இரத்தத்தை இன்னும் தடுக்கும். நல்ல தடிப்பான பஞ்சு மெத்தை போதும்.

காலையும் மாலையும் வால் எலும்பு, இருப்பெலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிக்கால், கணுக்கால் ஆகிய இடங்களைப் பாருங்கள். அவரே பார்க்க ஒரு சிறு முகக்கண்ணாடி கொடுங்கள். நம் நிறத்துத் தோலில் சிவப்பு இலேசாகத் தெரியாது; கூடக் கறுத்திருக்கிறதா, சுடுகிறதா, தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் பாரம் படவே விடாதீர்கள். தோல் உரிந்துவிட்டால் மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் போடாமல் ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள்.

உணர்வில்லாத கால் சூட்டையும் அறியாது. அடுப்புக்கு அருகில், வெயிலில் காய்ந்த தகரத்தில், சுடுநீர் ஒத்தடத்தில் அவர் தெரியாமலே வெந்துபோவார். முள்ளந்தண்டின் மேற்பகுதி காயப்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்வையும் சரியாக வராது. மத்தியானத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் விடாமல் மரநிழலில் இருத்தி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

மூட்டுகள்

அசையாத மூட்டு இறுகும். ஒவ்வொரு மூட்டையும் நாளுக்கு இரண்டு முறை, முழு எல்லை வரைக்கும், மெதுவாக அசைத்துவிடுங்கள். கணுக்காலை மறக்க வேண்டாம்: பாதம் கீழ்நோக்கி இறுகிவிட்டால் பின்னர் நிற்கவும் முடியாது, சக்கர நாற்காலியின் மிதியில் கால் நிற்கவும் மாட்டாது. குதிக்காலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முழங்கால் பக்கம் தள்ளிப் பிடியுங்கள். முறுக்கிக் குத்தி இழுக்கக் கூடாது.

கழுத்தில் காயப்பட்டு, மணிக்கட்டை மேலே மடிக்க மட்டும் முடிகிறவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. மணிக்கட்டை மடிக்கும்போது அவர்களுடைய விரல்கள் தாமாகக் குவிந்து ஒரு பிடி கிடைக்கும். அவர்களுக்கு மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் பின்னால் நீட்டிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். மணிக்கட்டு மடிந்திருக்கும்போது விரல்களை மடக்கியே வையுங்கள்.

எண்ணெய் பூசி உருவுவது ஆறுதல் தரும், இலேசாகச் செய்யலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் உருவவே கூடாது. இரத்தம் கட்டியாகியிருக்கலாம், அது சுவாசப்பைக்குப் போனால் ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

கால்கள் தாமாக வெட்டி இழுப்பதைச் சிலர் நடை திரும்புவதன் அறிகுறி என்று நினைப்பதுண்டு. அப்படியல்ல. வழமையைவிட இழுப்பு கூடினால் எங்கோ புண், மலச்சிக்கல் அல்லது சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று தேடுங்கள். நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ காயப்பட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று கொள்ளுங்கள். படுக்க விடாமல் நிமிர்த்தி இருத்துங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், கதீற்றர் குழாய் மடிந்து அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாகக் காரணம் நிரம்பிய சலப்பைதான். குறையாவிட்டால் தாமதிக்காமல் கொண்டு போங்கள்.

வீடு கட்டும்போது

வீட்டுத்திட்டத்தில் பெயர் இருந்தால் அத்திவாரம் வெட்டுமுன்பே வீட்டில் சக்கர நாற்காலி பாவிப்பவர் இருப்பதைச் சொல்லுங்கள். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடி உயர வீட்டுக்குப் பதினெட்டு அடி. குறைத்தால் அவர் தனியாக ஏற முடியாது. கதவு மூன்றடி அகலம் இருக்கட்டும். மலசலகூடத்துக்கும் கிணற்றடிக்கும் போகும் பாதைக்குக் கிரவல் போட்டு இறுக்குங்கள், மாரியில் சேற்றில் சில்லுப் புதையும். குந்தியிருக்கும் மலசலகூடமென்றால் நடுவில் துளை வெட்டிய உறுதியான கதிரையை மேலே வைக்கலாம். துளையின் விளிம்பைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அதுவே புண்ணாக்கும்.

பராமரிப்பவர் ஒரே ஆளாக இருக்கும் வீடுகள் பல. தனியாகத் தூக்கித் தன் முதுகை முறித்துக்கொண்ட அம்மாவால் மறுநாள் யாரைப் பார்க்க முடியும்? கட்டிலையும் நாற்காலியையும் ஒரே உயரமாக்கி, பிறேக்கைப் பூட்டி, இடையில் வழுவழுப்பான பலகை வைத்து நகரப் பழக்குங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது முகாமிலும் ஆஸ்பத்திரியிலும் தந்த துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். உடம்பில் செல் துண்டு இன்னும் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தம் அதை அசைக்கக்கூடும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் வவுனியா வைத்தியசாலையிலும் இயன்மருத்துவப் பிரிவு உண்டு. நீண்டகாலப் புனர்வாழ்வுக்கு ராகம வைத்தியசாலைக்கு அனுப்புவதும் உண்டு. சக்கர நாற்காலி, கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். நாற்காலி தரும்போது அவரை அதில் இருத்திப் பார்த்து, அகலமும் மிதி உயரமும் பொருந்தினால் மட்டும் வாங்குங்கள்.