தொட்டில் துணியின் சாஸ்திரம்

செங்கற்பட்டுக் கடற்கரையில் கல்பாக்கத்துக்கு அடுத்தாற்போலிருக்கும் சதுரங்கப்பட்டினத்தில், 17ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பண்டகசாலைகளும் கோட்டையும் எழுப்பிக்கொண்டது, முக்கியமாக இப்பிரதேசத்துத் தறிகளில் நெய்த மஸ்லின் முதலான பருத்தித் துணிகளுக்காகத்தான் என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். கடல் கடந்து போன துணியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நைந்துபோன பருத்தி வீட்டுக்குள் செய்த ஊழியத்தைப் பற்றி எழுதினவர் குறைவு. தாத்தா உடுத்துப் பழசான வேஷ்டி சதுரம் சதுரமாகக் கிழிபட்டுச் சிசுவின் இடுப்புக்கு வந்தது; பாட்டியின் நூல் புடவை ஏணையாயிற்று; அதற்கும் உதவாத நிலையில் அடுப்பங்கரைக் கைத்துணியாகித் தன் ஆயுளை முடித்துக்கொண்டது.

புதுத் துணியை விட்டுப் பழந்துணியைத் தேடியதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிடலாகாது. புதுத் துணியில் தறிக்காக ஏற்றிய கஞ்சியும், பருத்தி இழைக்கு இயற்கையாகவே உள்ள மெழுகும் ஒட்டியிருப்பதால் ஜலம் எளிதில் உள்ளே இறங்காது. பல தடவை துவைத்து அவை நீங்கிய பின்னர்தான் இழை தாராளமாக ஈரத்தை உறிஞ்சும்.

இப்பொழுது அந்த ஸ்தானத்தில் டயப்பர் வந்து அமர்ந்திருக்கிறது. உபயோகிக்காத ஒன்றைக் கத்தரித்து, உள்ளிருக்கும் பஞ்சைக் காகிதத்தின்மேல் உதறினால் சர்க்கரை போன்ற வெண்பொடி கொஞ்சம் உதிரும். சோடியம் பாலிஅக்ரிலேட் என்பது அதன் பெயர். ஒரு கிண்ணத்தில் அதை இட்டு (குழந்தைகளின் கைக்கு எட்டாமல்தான்) நீரை ஊற்றினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உப்பிக் கொழகொழவென்று கூழாகிவிடும். பிறகு ஒரு கரண்டி சமையல் உப்பைத் தூவிக் கலக்குங்கள்: கூழ் தளர்ந்து, பிடித்து வைத்திருந்த நீரில் பெரும்பகுதியைக் கக்கிவிடும். பொடிக்குள் அடைபட்டிருக்கும் சோடிய அயனிகள் வெளி நீரை உள்ளே இழுக்கின்றன. வெளியிலும் உப்பு மிகுந்தால் அந்த இழுப்பு குறைகிறது. அதனால்தான் சுத்த ஜலத்தைத் தன் எடையைப்போல் பல நூறு மடங்கு ஏற்கும் இப்பொடி, உப்புக் கலந்த சிறுநீரில் ஏறக்குறைய முப்பது, நாற்பது மடங்கோடு நின்றுவிடுகிறது.

பேரக்குழந்தையின் துணி அலசுவதில் பிரியமில்லாத விக்டர் மில்ஸ் என்ற அமெரிக்க இரசாயன இஞ்சினீயரின் முயற்சியால் பிறந்த ‘பாம்பர்ஸ்’ டயப்பர், 1961இல் இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகரில் பரீட்சார்த்தமாக விற்கப்பட்டது. நீரை அபரிமிதமாக உறிஞ்சும் பொருள்களைப் பிற்பாடு சோள மாவிலிருந்து உண்டாக்கிய அமெரிக்க விவசாய இலாகாவின் ஆராய்ச்சிசாலையும் அதே நகரில்தான் இருந்தது. அந்த ஊருக்கு அப்படியொரு ராசி போலும். டயப்பரின் வெளியுறை பாலிஎத்திலீன், உள்ளுறை பாலிபுரொப்பிலீன். இவை மக்க 500 ஆண்டுகள் ஆகுமென்று அடித்துச் சொல்கிறார்கள். காத்திருந்து பார்த்தவர் எவருமில்லை என்றாலும், இக்காலத்தில் புதைத்தது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கிடக்கும் என்பதில் ஐயமில்லை.

துணிதான் சிலாக்கியம் என்று உடனே தீர்ப்பளித்துவிடவும் முடியாது. பிரிட்டிஷ் சுற்றுச்சூழல் இலாகா 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளில் டயப்பரால் விளையும் கரிவாயுச் சுமை சுமார் 550 கிலோ, துணியாலோ 570! வெந்நீரும் உலர்த்தும் யந்திரமும் மின்சாரத்தை விழுங்குவதே காரணம். கொடியில் உலர்த்தி, யந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் ஏறக்குறைய 200 கிலோ குறைந்துவிடுவதாகவும் அதே அறிக்கை கூறுகிறது. சித்திரை வெயிலும் உப்பங்காற்றும் சேர்ந்து அடிக்கும் சதுரங்கப்பட்டினத்தில் கொடியில் போட்ட பிள்ளைத்துணி சீக்கிரமே காய்ந்துவிடுவதோடு, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் கிருமிகளில் ஒரு பகுதியைத் தொலைத்தும் விடுகின்றன. சீமைக்காரர் மின்சாரத்துக்குப் பணம் கட்டிப் பெறுவதை இங்கே ஆகாயம் இலவசமாகக் கொடுக்கிறது.

ஆனால் ஐப்பசி பிறந்தால் கதை வேறு. அடைமழையில் மூன்று நாள் தொங்கினாலும் துணி உலர்வதில்லை. முக்கால் ஈரத்துணியைக் கட்டினால் குழந்தைக்குத் தொடையிடுக்கு புண்ணாகும். கடலோரக் கிணற்று நீர் கடினமாயிருந்தால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து இழைகளில் படிந்து துணியை விறைக்கச் செய்யும். மிருதுவாக்கும் திரவங்களை ஊற்றினாலோ துணி உறிஞ்சும் சக்தியை இழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அலசுகிறவள் பிள்ளை பெற்ற உடம்புக்காரி. துணியின் பெருமை பேசும் ஆண்மக்கள் முதலில் வாளியைத் தூக்கட்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆகையால் பகலில் துணியும், இரவிலும் பிரயாணத்திலும் அடைமழையிலும் டயப்பருமாக வைத்துக்கொள்வதே உசிதம். நாளைக்கு ஆறு வீதம் இரண்டு ஆண்டுகளில் 4,380 டயப்பர் குப்பைக்குப் போகும். இரவுக்கு ஒன்று என்றால் 730தான். அவற்றையும் கொல்லையில் கொளுத்தக்கூடாது. தனியே சுற்றிக் கொடுக்க வேண்டுமென்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே அளிக்க வேண்டுமென்றும் அவ்விதிகளில் இருந்தது. அப்படி உறை வராத பொட்டலமானால் பழைய செய்தித்தாளே போதும், மலத்தை மட்டும் முன்னதாகக் கக்கூஸில் தட்டிவிட்டால், குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் அது படாது.