கருத்து கேட்டா போதுமா? பாஸ்டனின் டட்லி ஸ்ட்ரீட் சொல்லும் பதில்

சரிஞ்சு போன ஒரு நகரப் பகுதியைத் தூக்கி நிறுத்தணும்னு ஒரு திட்டம் வருது. அங்க ஏற்கெனவே குடியிருக்கறவங்களுக்கு அந்தத் திட்டத்துல என்ன இடம்? இதுதான் இந்த எபிசோடு.

'மக்கள் பங்கேற்பு'ங்கற வார்த்தை எல்லாத் திட்ட அறிக்கையிலயும் இருக்கும். கருத்துக் கேட்புக் கூட்டம் ஒண்ணு நடக்கும். மைக்கைக் கொடுப்பாங்க, ஆளாளுக்குப் பேசுவாங்க, மினிட்ஸ்ல ஏறும். அப்புறம் ஏற்கெனவே போட்ட பிளான்படியே வேலை நடக்கும்.

என்னை மாதிரி சாஃப்ட்வேர் வேலையில இருக்கறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கோடுக்குக் கீழ கமெண்ட் போடற உரிமை வேற, அதை மெர்ஜ் பண்ற உரிமை வேற. ஷெரி ஆர்ன்ஸ்டைன்னு ஒருத்தர் 1969-ல் இதையே ஒரு ஏணியா வரைஞ்சு காட்டினார். மொத்தம் எட்டுப் படி. தகவல் சொல்றது, கருத்து கேட்கறது எல்லாம் நடுப்படிகள். அவர் கணக்குல அது வெறும் சடங்கு. முடிவெடுக்கற அதிகாரம் மக்கள் கைக்கு வர்றதுதான் மேல்படி. அந்த மேல்படி வரைக்கும் ஏறின ஒரு ஏரியா அமெரிக்காவுல, பாஸ்டன் நகரத்துல இருக்கு. பேரு டட்லி ஸ்ட்ரீட்.

ஏரியா எப்படிச் சரிஞ்சது?

ராக்ஸ்பரி பகுதியில இருக்கற டட்லி, நகர மையத்துல இருந்து ரெண்டு மைலுக்குள்ளதான். கறுப்பின மக்கள், கேப் வெர்டே தீவுகள்ல இருந்து வந்தவங்க, லத்தீன் அமெரிக்கர்கள், வெள்ளையர்கள்னு கலந்து வாழ்ந்த இடம். ஆனா இந்த மாதிரி ஏரியாக்களுக்கு வங்கிகள் வீட்டுக் கடன் தர மறுத்தன. கடன் இல்லைன்னா வீட்டைப் பழுது பார்க்க முடியாது, விற்கவும் முடியாது. வசதி இருந்தவங்க கிளம்பிட்டாங்க. இன்சூரன்ஸ் பணத்துக்காகக் கட்டடத்துக்குத் தீ வைச்ச உரிமையாளர்களும் உண்டு. 1980-களின் நடுவுல சுமார் 1,300 மனைகள் காலியா கிடந்தன. வெளியில இருந்து லாரி லாரியா குப்பையைக் கொண்டு வந்து அங்க கொட்டினாங்க.

அரசுத் திட்டம்னாலே அந்த ஊர் மக்களுக்குப் பயம். காரணம், அதே பாஸ்டன்ல வெஸ்ட் எண்ட்னு ஒரு பகுதியை 1950-களின் கடைசியில 'புதுப்பிக்கறோம்'னு சொல்லி இடிச்சாங்க. சுமார் 2,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. புதுசா வந்த அடுக்குமாடிகள்ல அவங்களால வாடகை கொடுக்க முடியல. அதாவது, ஏரியா 'முன்னேறுச்சு', ஏரியாக்காரங்க காணாமப் போனாங்க.

முதல் கூட்டத்துலயே தகராறு

1984-ல் ரைலி ஃபவுண்டேஷன்ங்கற ஒரு அறக்கட்டளை டட்லிக்கு உதவ முன்வந்தது. உள்ளூர்ல வேலை செய்யற தொண்டு நிறுவனங்கள் ஒண்ணு சேர்ந்து ஒரு அமைப்புக்கு வரைவு போட்டாங்க. 1985 தொடக்கத்துல ஒரு சர்ச்சுல கூட்டம் கூட்டி அதை மக்கள் முன்னாடி வைச்சாங்க. நிர்வாகக் குழுவுல குடியிருப்பவங்களுக்கு இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான்.

கூட்டத்துல இருந்தவங்க எழுந்து, மேடையில இருக்கறவங்கள்ல எத்தனை பேர் இந்த ஏரியாவுல குடியிருக்கீங்கன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியில வரைவு அப்படியே நின்னுபோச்சு. நிறுவனங்கள் பின்வாங்கி, அமைப்பையே மாத்தி எழுதினாங்க: நிர்வாகக் குழுவுல குடியிருப்பவங்களுக்குத்தான் பெரும்பான்மை. நாலு சமூகத்துக்கும், ஆள் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், சம இடங்கள். இதுதான் டட்லி ஸ்ட்ரீட் நெய்பர்ஹுட் இனிஷியேட்டிவ்.

முதல்ல அவங்க எடுத்தது பெரிய மாஸ்டர் பிளான் இல்ல, குப்பை. 1986-ல் போராட்டம் நடத்தி, சட்டவிரோதக் குப்பைக் கிடங்குகளை மேயர் ரேமண்ட் ஃப்ளின் நிர்வாகத்தை வைச்சே மூட வைச்சாங்க. ஒரு சின்ன ஜெயிப்பு கையில இருந்தாத்தான் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரும். அதுக்கப்புறம் 1987-ல், மாநகராட்சியோட பிளானுக்காகக் காத்திருக்காம, தாங்களே நிபுணர்களை அமர்த்தி ஏரியாவுக்கான திட்டத்தைத் தயாரிச்சாங்க. நகர நிர்வாகம் அதை ஏத்துக்கிச்சு.

எதிரி கையில இருந்த ஆயுதம்

திட்டம் ரெடி. ஆனா நிலம்? காலி மனைகள்ல பாதி நகரத்துக்குச் சொந்தம், மீதி எங்கயோ இருக்கற தனியாருக்குச் சொந்தம். சதுரங்கக் கட்டம் மாதிரி மாறி மாறி கிடந்தது. நடுவுல ஒருத்தர் விற்க மாட்டேன்னா, ஒரு தெருவையே கட்ட முடியாது.

இங்கதான் அவங்க துணிஞ்சு ஒரு விஷயம் கேட்டாங்க: நிலம் கையகப்படுத்தற அதிகாரம். வெஸ்ட் எண்டைக் காலி பண்ணின அதே அதிகாரம். 1988-ல் பாஸ்டன் ரீடெவலப்மென்ட் அத்தாரிட்டி, சுமார் 60 ஏக்கர் கொண்ட 'டட்லி முக்கோண'த்துல இருக்கற காலி நிலங்களுக்கு மட்டும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. ஆள் குடியிருக்கற வீட்டைத் தொட முடியாது, உரிமையாளருக்கு இழப்பீடும் கொடுக்கணும். அமெரிக்காவுல குடியிருப்போர் அமைப்பு ஒண்ணுக்கு இந்த அதிகாரம் கிடைச்சது அதுதான் முதல் முறை. நிலம் வாங்க ஃபோர்டு ஃபவுண்டேஷன் 20 லட்சம் டாலர் கடன் கொடுத்தது.

வீடு உங்களுது, மண் ஊருது

வாங்கின நிலத்தை அவங்க விற்கல. அதை ஒரு சமூக நில டிரஸ்ட் பேர்ல வைச்சாங்க.

சென்னையில ஃபிளாட் பார்க்கப் போனவங்களுக்கு யூடிஎஸ் தெரியும். ஃபிளாட் விலையில பெரும்பங்கு மண்ணோட விலை. இந்த டிரஸ்ட் முறையில உங்க யூடிஎஸ் பூஜ்யம். ஒரு உதாரணத்துக்கு, மண்ணும் வீடும் சேர்ந்து 80 லட்சம், அதுல மண் மட்டும் 50 லட்சம்னு வைச்சுக்கங்க. நீங்க 30 லட்சத்துக்கு வீட்டை மட்டும் வாங்கறீங்க. மண்ணுக்கு 99 வருஷக் குத்தகை. பின்னாடி விற்கும்போது ஒரு வரம்புக்குள்ளதான் லாபம் எடுக்கலாம். அதனால அடுத்து வாங்கறவருக்கும் அந்த வீடு கட்டுப்படியாகற விலையிலேயே கிடைக்கும்.

இன்னைக்கு அந்த டிரஸ்ட் நிலத்துல 225-க்கும் மேல வீடுகள் இருக்கு. பூங்கா இருக்கு. பழைய கராஜ் இருந்த இடத்துல 10,000 சதுர அடியில பசுமைக்குடில் வந்து, காய்கறி விளையுது. 2008 நிதி நெருக்கடியில சுற்றுவட்டாரத்துல பல வீடுகளை வங்கிகள் பறிமுதல் செஞ்சப்போ, டிரஸ்ட் வீடுகள்ல அது ரொம்ப அபூர்வம். விலை குறைவு, கடன் குறைவு, வாங்கறவங்களுக்கு முன்கூட்டியே வழிகாட்டலும் இருந்தது.

இதுக்கும் ஒரு விலை இருக்கு

இதுல எனக்கு உறுத்தற கேள்வி ஒண்ணு உண்டு. வெள்ளைக்காரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா வீட்டு விலை ஏறித்தான் சொத்து சேர்த்தாங்க. கடன் மறுக்கப்பட்டதால அந்த வாய்ப்பை இழந்தவங்ககிட்டயே 'நீங்க மட்டும் முழு லாபம் எடுக்காதீங்க'ன்னு சொல்றது நியாயமா? இதுக்கு டட்லி மாதிரி அமைப்புகள் சொல்ற பதில்: இந்த வரம்பு இல்லைன்னா முதல் ஆளுக்கு லாட்டரி அடிக்கும், ரெண்டாவது ஆளுக்கு ஏரியாவே கிடைக்காது. எனக்கு இந்தப் பதில் பாதி திருப்திதான். ஆனா அந்த வரம்பை வெளியில இருந்து யாரும் திணிக்கல. அங்க வாழறவங்களே உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினாங்க. அதுதான் பெரிய வித்தியாசம்.

இன்னொண்ணு, நேரம். 1985-ல் கூட்டம் போட்டு, வீடு கட்டி ஆள் குடியேற 1990-கள் ஆயிடுச்சு. அதுவரைக்கும் சாயந்திர நேரத்துல, வேலை முடிஞ்சு களைச்சு வந்தவங்க கூட்டத்துல உட்கார்ந்தாங்க. மக்கள் பங்கேற்புங்கறது யாரோட தூக்கத்துலயோ இருந்து எடுக்கற நேரம். வெறும் மைக்கைக் கொடுக்கறதுக்காக அந்த நேரத்தைக் கேட்கறது அநியாயம்.

அதனால உங்க ஏரியாவுல அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனீங்கன்னா, ரெண்டு கேள்வி மட்டும் கையில வைச்சுக்கங்க. முடிவெடுக்கற குழுவுல இங்க குடியிருக்கறவங்களுக்கு எத்தனை ஓட்டு? வேலை முடிஞ்சு நிலத்தோட விலை ஏறினா, அந்த ஏற்றம் யார் கணக்குல போகும்? ரெண்டுக்கும் தெளிவா பதில் வரலைன்னா, அது இன்னும் நடுப்படியிலதான் நிக்குதுன்னு அர்த்தம்.