சத்தம் பெரிதா, சொல் தெளிவா?

நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் இருந்து, துடுப்பின் ஒரு நுனியை வாவியில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். வெறுங்காதுக்கு எட்டாத ஒலியைத் துடுப்பு கொண்டுவருகிறது. ஸ்பீக்கரும் ஹெட்போனும் செய்வது இதே வேலைதான். எந்த ஒலியைக் கொண்டுவருகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதை வாங்குமுன் நாம் அறிய வேண்டும்.

ஒலி என்பது அதிர்வு. செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதே மீடிறன். அதன் அலகு ஹேர்ட்ஸ். கூத்துக் களரியில் மத்தளத்தின் 'தொம்' தாழ்ந்த மீடிறன். சதங்கையின் ஒலி உயர்ந்தது. நல்ல காது 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும்.

பெட்டியில் '20 – 20,000' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எல்லா மீடிறனையும் ஏறத்தாழ ஒரே அளவில் தருகிறதா என்பதே முக்கியம். பக்கத்தில் '±3 டெசிபெல்' போன்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்த இலக்கத்தால் அதிகம் தெரியாது.

இது நமக்கு ஏன்? ஷெல் வெடிப்பில் காது பாதிக்கப்பட்ட சகோதரிகள் நம்மிடையே பலர். வெடிச்சத்தம் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹேர்ட்ஸ் வரையான கேட்கும் திறனையே முதலில் குறைக்கிறது. 'ச' போன்ற மெல்லிய ஒலிகளுக்கு இந்த உயர்ந்த மீடிறன்கள் தேவை. அதனால்தான் குரல் கேட்டாலும் 'சந்தை'யா 'தந்தை'யா என்று பிடிபடுவதில்லை. வீட்டில் உள்ளவர்கள் இதைக் கவனக்குறைவு என்று ஏசுவதும் உண்டு. அது கவனக்குறைவு அல்ல, காயம்.

இப்படிப்பட்ட காதுக்கு 'பேஸ்' கூடிய ஸ்பீக்கர் உதவாது. தாழ்ந்த ஒலி பெருகி, சொல்லை மூடிவிடும். வாங்கும்போது இவற்றைச் செய்யுங்கள்:

• கடையில் பாட்டுப் போட்டால், செய்தி போடச் சொல்லுங்கள்.
• சத்தத்தைக் குறைத்து வைத்து, ஊர்ப் பெயர்களும் இலக்கங்களும் விளங்குகின்றனவா என்று பாருங்கள்.
• பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டக்கூடியதா என்று கேளுங்கள்.
• யாருக்காக வாங்குகிறீர்களோ, அவரையே கேட்கவிடுங்கள். அவருடைய காதுதான் அளவுகோல்.

ஹெட்போன் போட்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காவிட்டால் சத்தம் கூடிவிட்டது என்று கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு 80 டெசிபெல் என்பதே உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. எஞ்சியிருக்கும் கேள்வியைக் காப்பதும் நம் பொறுப்பே.

காதில் இரைச்சல், சீழ், தலைச்சுற்று இருந்தால் கடைக்கு முன் வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஹெட்போன் செவிப்புலன் கருவிக்கு ஈடாகாது. எத்தனை வருடம் கடந்திருந்தாலும், "ஷெல் விழுந்த நாளில் இருந்து இப்படி" என்று தயங்காமல் சொல்லுங்கள்.